தாழை மடலில் ஒரு கிரான்ட் லெட்டர்

இப்போதெல்லாம் ஓரளவு வசதியான பல்கலைக்கழகம் எதற்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் ‘ரிசர்ச் ஆபீஸ்’ என்று போர்டு தொங்கும். பணம் எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடிப்பது, பேராசிரியரின் புரொபோசலை மனிதர்கள் வாசிக்கும்படி திருத்துவது, பட்ஜெட்டில் வராத கூட்டலை வரவழைப்பது, எதிக்ஸ் கமிட்டியிடம் கையெழுத்து வாங்குவது, எல்லாம் முடிந்தபிறகு ‘செலவுக்கு பில் எங்கே சார்?’ என்று கேட்டு அதே பேராசிரியரின் தீராப் பகையைச் சம்பாதிப்பது. இவ்வளவும் அந்த ஆபீஸின் வேலை.

இது ஏதோ அமெரிக்கக்காரர்கள் கண்டுபிடித்த தலைவலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு ஐயா, தப்பு. மாத்தளை டவுனிலிருந்து ஏ9 ரோட்டில் வடக்கே மூன்று கிலோமீட்டர் போனால் அலுவிகாரை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே 500 ஆராய்ச்சியாளர்களை உட்காரவைத்து ஒரு மெகா புரொஜெக்ட் நடந்திருக்கிறது. நிதி நெருக்கடி, கோஷ்டிச் சண்டை, ஒழுக்க விசாரணை, டேட்டா காணாமல் போகும் பயம் எல்லாம் இருந்தன. வைஃபை மட்டும்தான் கிடையாது.

கதை வலகம்பா ராஜாவிடம் தொடங்குகிறது. மகாவம்சம் அவரை வட்டகாமணி அபயன் என்கிறது. கி.மு. 103 வாக்கில் அநுராதபுரத்தில் சிம்மாசனம் ஏறினார். உட்கார்ந்த இடம் சூடாகவில்லை, ஐந்தாம் மாதமே இரண்டு கடிதங்கள். ஒன்று, ருகுணையிலிருந்து தீசன் என்ற பிராமணன் எழுதியது. இன்னொன்று, மாதோட்டத்தில் வந்து இறங்கிய ஏழு தமிழ்த் தலைவர்கள் அனுப்பியது. இரண்டிலும் கோரிக்கை ஒன்றேதான்: நாட்டைக் கொடு.

ராஜா பழுத்த நிர்வாகியைப் போல யோசித்தார். தீசனுக்குப் பதில் போட்டார்: ராஜ்யம் உனக்குத்தான் தம்பி, முதலில் அந்த ஏழு பேரை ஜெயித்துவிட்டு வா. இரண்டு விண்ணப்பதாரர்களை ஒருவர் மீது ஒருவர் ஏவிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் டெக்னிக். தீசன் தோற்றான். ஜெயித்த பார்ட்டி தன் விண்ணப்பத்தை இந்தத் தடவை நேரில் கொண்டுவந்தது.

தோற்ற ராஜா தேரில் ஏறி ஓடினார். தேரில் பாரம் அதிகம், குதிரைகள் திணறின. எதையாவது இறக்கியாக வேண்டும். எதை இறக்கினார் தெரியுமா? சோமாதேவி ராணியை! தன் முடியிலிருந்த மணியைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, அவளுடைய சம்மதத்தோடுதான் இறக்கினார் என்று மகாவம்சம் கவனமாகக் குறிப்பிடுகிறது. பின்னால் எதிரிப் படை, முன்னால் புருஷன் பார்க்கிற பார்வை. இந்த நிலைமையில் வாங்கிய சம்மதத்தை இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியிடம் கொண்டுபோனாலும் ஃபைலைத் தூக்கி முகத்தில் எறியும்.

வென்ற ஏழு பேரில் ஒருவர் சோமாதேவியே போதும் என்று அவளோடு கடல் கடந்தார். இன்னொருவர் புத்தரின் பிட்சா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மிச்சமிருந்த ஐந்து பேர் வரிசையாக ஆண்டார்கள். முதல் நான்கு பேரையும் அவரவர் சேனாதிபதியே தீர்த்துக்கட்டிவிட்டு அடுத்த ராஜா ஆனார்; ஐந்தாமவரைத் திரும்பி வந்த வலகம்பாவே தீர்த்தார். பதினான்கு வருஷத்துச் சொச்சத்தில் ஐந்து துறைத்தலைவர்கள். ஓய்வூதியம் வாங்கும் நிலையில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஓடிய ராஜாவுக்கு வருவோம். ஊர் எல்லையில் ஒரு சமண மடம். அங்கிருந்த கிரி என்ற துறவி, ராஜாவின் நிறத்தையும் அவர் ஓடும் வேகத்தையும் சேர்த்து உரக்க ஒரு கமெண்ட் அடித்தார். உயிருக்கு ஓடுகிற நேரத்திலும் ராஜா அதைக் காதில் வாங்கி, மனசில் குறித்துக்கொண்டார். அரசர்களுக்கு ஞாபகசக்தி அபாரம். குறிப்பாக இந்த வகை விஷயங்களில்.

பிறகு தலைமறைவு. அந்தக் காலத்தில் மகாதீசர் என்ற தேரர் அவருக்குச் சாப்பாடு கொடுத்தார். பசியோடு அலைந்த மனுஷன் நெகிழ்ந்துபோய், அந்த விகாரைக்கு நிலம் மானியமாக எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதியது எதில்? தாழை மடலில்! கையில் நாடு கிடையாது, கஜானா கிடையாது, மறுநாள் உயிரோடு இருப்பாரா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் கிரான்ட் லெட்டர் மட்டும் ரெடி.

‘கொள்கையளவில் அங்கீகரிக்கப்பட்டது’ என்று கடிதம் வந்து, பணம் வராமலே ரிட்டயர் ஆன விரிவுரையாளர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். வலகம்பாதான் அந்த மரபின் ஆதிகர்த்தா என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பாழாய்ப்போன மனுஷன் வாக்கைக் காப்பாற்றித் தொலைத்துவிட்டார்.

கி.மு. 89 வாக்கில் நாட்டை மீட்டார். முதல் வேலையாக அந்தச் சமண மடத்தை இடித்தார். அதே இடத்தில் பிரமாண்டமான விகாரை கட்டினார். அபயகிரி என்று பெயர் வைத்தார்: பாதி தன் பெயர், பாதி தன்னைக் கிண்டல் செய்தவர் பெயர். கட்டடத்துக்கு நன்கொடையாளர் பெயரை வைப்பது எங்கும் உள்ள வழக்கம். கேலி செய்தவனுக்கும் கல்வெட்டில் பங்கு கொடுத்த பெருந்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. அபயகிரியை ராஜா மகாதீசரிடம் கொடுத்தார். சங்கத்துக்கு இல்லை, தனிமனிதருக்கு. அதுவரை அரச மானியம் என்றால் அது அநுராதபுரத்தின் பழைய பெரிய மடமான மகாவிகாரைக்குத்தான் என்று இருந்தது. இப்போது நிறுவனத்தைத் தாண்டி ஒரு தனி ஆராய்ச்சியாளர் பெயரில் செக் போகிறது! மகாவிகாரை கூடியது, விசாரித்தது, தீர்ப்புச் சொன்னது: இந்தத் தேரர் இல்லறத்தார் வீடுகளோடு அளவுக்குமேல் பழகுகிறார், வெளியேற்று. ராஜாவுக்குச் சோறு போட்டபோது வராத கம்ப்ளயன்ஸ் பிரச்சினை, ராஜா கட்டடம் கட்டிக் கொடுத்த மறுகணமே வந்துவிட்டது.

மகாதீசரின் சீடர் ஒருவர் கோபித்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே கிளப்பிக்கொண்டு அபயகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். பிளவு நிரந்தரமானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வந்து எல்லோரையும் பிடித்து ஒன்றாக உட்காரவைக்கும் வரை அந்த மனஸ்தாபம் நீடித்தது. ஒரு கட்டடத்துக்காக 1,200 வருஷச் சண்டையா என்று மலைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த துறைகளை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் ஒரு பஞ்சம். பிராமணத் தீசன் பெயராலேயே அறியப்படும், பன்னிரண்டு வருஷம் நீண்ட கொடும் பஞ்சம். பிக்குகள் பலர் மடிந்தார்கள். பலர் இந்தியாவுக்குப் போனார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது பௌத்த மறையான திரிபிடகம் எழுத்தில் இல்லை. முழுக்க முழுக்க மனப்பாடம். சர்வர், பேக்கப், கிளவுட் எல்லாமே மொட்டைத் தலைகளுக்குள். ஒரு தலை சாய்ந்தால் ஓர் ஃபோல்டர் அழிந்தது என்று அர்த்தம்.

அறுபது பிக்குகள் நாட்டைவிட்டுப் போகாமல் மலைப்பக்கம் ஒதுங்கினார்கள் என்று உரைநூல்கள் சொல்கின்றன. இலையும் கிழங்கும் தின்று, உட்கார்ந்து ஓதினார்கள். உட்காரத் தெம்பில்லாதபோது மணலைக் குவித்து அதில் தலையைச் சாய்த்து, வட்டமாகப் படுத்துக்கொண்டு ஓதினார்கள். பஞ்சம் தீர்ந்து இந்தியாவிலிருந்து 700 பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததில், ஓர் எழுத்துக்கூட மாறவில்லையாம். ஒரே ஆள் ஒரே மெஷினில் திங்கட்கிழமை செய்த சோதனை செவ்வாய்க்கிழமை ஒத்துவராத காலத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் வாசிக்க வெட்கமாக இருக்கிறது.

சரி, எல்லாமே இவ்வளவு புனிதமாகப் போனதா? எங்கே போக விட்டார்கள்! மகாநித்தேசம் என்று ஒரு நூல். பஞ்சத்தில் எல்லோரும் போனபிறகு, அந்த நூலைத் தெரிந்தவர் நாட்டிலேயே ஒரே ஒருவர்தான் மிச்சம். அந்த ஒருவருக்கோ ஊரில் நல்ல பெயர் இல்லை. ஒழுக்கம் சரியில்லை என்று பேச்சு.

இதைவிட மோசமான ஓர் இக்கட்டை எந்த ரிசர்ச் ஆபீஸும் சந்தித்திருக்காது. டேட்டா முழுக்க ஒரே ஆளிடம். அந்த ஆள் மீது புகார். அவரைத் தொட்டால் பெயர் கெடும், விட்டால் நூல் போகும். மகாரக்கிதர் என்ற தேரரைக் கூப்பிட்டு, போய்ப் படித்துக்கொண்டு வா என்றார்கள். அவனிடமா, மாட்டேன் என்றார் மகாரக்கிதர். கடைசியில் மூத்த தேரர் ஒருவர் ஒரு வழி சொன்னார்: நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீ படி. சாட்சாத் மேற்பார்வைக் குழு! மகாரக்கிதர் இராப்பகலாக உட்கார்ந்து முழு நூலையும் மனப்பாடம் செய்தார். கடைசி நாள், கடைசிப் பாடம். தற்செயலாகக் கட்டிலுக்கு அடியில் பார்வை போனது. அங்கே ஒரு பெண்.

முன்னமே தெரிந்திருந்தால் உம்மிடம் பாடம் கேட்டிருக்கவே மாட்டேன் என்று மகாரக்கிதர் பொரிந்து தள்ளினாராம். அவர் நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு முதல் நாள் நடக்காமல் கடைசி நாள் நடந்ததே, அங்கேதான் எனக்குத் தெய்வாதீனம் தெரிகிறது. இராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மூத்த தேரர் ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? நல்ல மேற்பார்வையாளருக்கு எதை எப்போது பார்க்கக்கூடாது என்று தெரிந்திருக்கும்.

இந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் பெரியவர்களுக்கு உறைத்தது: இனித் தலைகளை நம்பிப் பிரயோஜனமில்லை, எழுதி வைப்போம். எங்கே வைத்து எழுதுவது? அநுராதபுரத்தில் கோஷ்டி அரசியல் கொதித்துக்கொண்டிருக்கிறது, ராஜா அபயகிரிப் பக்கம். ஆகவே தலைநகரைவிட்டு விலகி, மாத்தளைப் பாறைக் குகைகளுக்கு வந்தார்கள். 500 பிக்குகள். ஓலையை வேகவைத்து, காயப்போட்டு, மெழுகி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தார்கள். மூன்று பிடகங்களும் உரைகளும் ஏட்டில் ஏறின. உலகத்திலேயே முதல்தடவை.

பணம் யார் கொடுத்தார்? பதினான்காம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகம், அந்தப் பகுதித் தலைவர் ஒருவர் ஆதரித்தார் என்கிறது. ராஜாவின் கஜானாவிலிருந்து சல்லிக்காசு வந்ததாகக் காணோம். ஆனால் இன்றைக்கு எந்தப் பாடப்புத்தகத்தைப் பிரித்தாலும் என்ன இருக்கிறது? ‘வலகம்பா மன்னன் காலத்தில் திரிபிடகம் நூலுருப் பெற்றது.’ காசு போட்ட மாத்தளைக்காரரின் பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்லைடின் கடைசிப் பக்கத்தில் லோகோ போடச் சொல்லி அக்ரிமென்டில் ஒரு வரி சேர்க்காததன் பலன்.

அலுவிகாரையில் இன்றும் உங்கள் பெயரை ஓலையில் கீறிக் கொடுப்பார்கள். பக்கத்தில் உண்டியல் இருக்கும். ஃபண்டிங் மாடல் அப்படியே இருக்கிறது.

மகாவிகாரைக்கு அடுத்த அடி சில நூற்றாண்டு கழித்து விழுந்தது. மகாசேனன் என்ற ராஜா, சோழ நாட்டிலிருந்து போன சங்கமித்திரர் என்ற பிக்குவின் பேச்சைக் கேட்டு ஒரு சுற்றறிக்கை விட்டார்: மகாவிகாரைப் பிக்குவுக்கு யாராவது பிச்சை போட்டால் 100 காசு அபராதம். மானியத்தை நிறுத்துவது என்றால் இப்படி நிறுத்த வேண்டும். ஒன்பது வருஷம் அந்த இடம் காலியாகக் கிடந்தது. கட்டடத்தைக்கூடப் பெயர்த்து எடுத்துப்போய் அபயகிரியில் வைத்துக் கட்டினார்கள்.

இவ்வளவு பட்ட நிறுவனம் வெளியாளை எப்படி வரவேற்கும்? ஐந்தாம் நூற்றாண்டில், மகாநாமன் ஆட்சியில், ஒருவர் வந்து நின்றார். புத்தகோசர். ஊர் எது என்று இன்றுவரை வழக்கு: கயாவுக்குப் பக்கம் என்கிறது மகாவம்சத்தின் தொடர்ச்சி, தென்னிந்தியா என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்பவரோடு தங்கியிருந்ததை அவரே தன் உரை ஒன்றின் முடிவில் சொல்கிறார். சி.வி.யில் ‘சொந்த ஊர்’ கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார்.

வந்தவர் கேட்டது: உங்களிடம் இருக்கும் சிங்கள உரைகள் அத்தனையையும் கொடுங்கள், பாலியில் செய்கிறேன். மகாவிகாரை மேலும் கீழும் பார்த்தது. இரண்டே இரண்டு பாட்டைக் கொடுத்து, இதற்கு உரை எழுதிக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றது. இரண்டு பாட்டுக்கு அவர் எழுதிய உரைதான் விசுத்திமக்கம். இன்றைய பதிப்புகளில் பல நூறு பக்கம். பக்க வரம்பு எவ்வளவு என்று விண்ணப்பப் படிவத்தில் போடாவிட்டால் இதுதான் நடக்கும்.

எழுதி முடித்ததும் தேவர்கள் ஏட்டை ஒளித்து வைத்துவிட்டார்கள். இவர் அசராமல் மறுபடியும் எழுதினார். அதையும் ஒளித்தார்கள். மூன்றாம் தடவை எழுதினார். அப்புறம் தேவர்கள் மனமிரங்கி முதல் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். பிக்குகள் மூன்றையும் வைத்து ஒப்பிட்டார்கள். சொல்லில், வரிசையில், பொருளில் எங்கும் பிசகில்லை! ஹார்ட் டிஸ்க் இரண்டு தடவை போன பிஎச்டி மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் தடவை அவர்கள் எழுதியது முதல் தடவையைவிட மிகச் சின்னதாகத்தான் இருந்தது.

அக்கிரமமான ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு உண்டு. மூன்றும் ஒரே மாதிரி என்றால், மூன்று வரைவில் ஒரு திருத்தம்கூடச் செய்யவில்லை என்று அர்த்தமாகிறதே? மகாவிகாரை அதையெல்லாம் கேட்கவில்லை. வரப்போகும் புத்தரான சாட்சாத் மைத்திரேயரே வந்துவிட்டார் என்று மகிழ்ந்து கிடங்கைத் திறந்துவிட்டது.

அவர் அநுராதபுரத்தில் இருந்து எழுதினார் என்பது நூல் சொல்லும் கதை. அலுவிகாரைக்காரர்கள் விடுவார்களா? அவருக்கென்று ஒரு குகையும் சிலையும் வைத்துவிட்டார்கள். விசிட்டிங் ஃபெலோ.

அதே வளாகத்தில் இன்னொரு குகை இருக்கிறது. நரகத்தில் என்னென்ன கிடைக்கும் என்பதை ஓவியமாக விவரிக்கும் குகை. தப்புச் செய்தவர் மண்டையைத் திறந்து பேய்கள் அகப்பையால் மூளையை அள்ளும். பக்கத்திலேயே கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கொடுத்த தண்டனைகளின் பொம்மைகள். நூல் எழுதிய இடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் புரியாது. விதிமுறைக் கையேட்டைப் படம் போட்டு வெளியிட்டால் யாரும் ‘நான் வாசிக்கவில்லை’ என்று சொல்ல முடியாதல்லவா?

1848இல் டொரிங்டன் பிரபு என்ற கவர்னர் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, போதாததற்கு வருஷத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை என்று போட்டார். மாத்தளை கொதித்தது. கலகத் தலைவர் கோங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டிக்கொண்டார். பட்டாளம் வந்து கலகத்தை அடக்கியதில் அலுவிகாரை நூலகமும் நாசமானது. முதல் ஏடுகள் அதற்கு முன்பே மக்கியிருக்கும். இருந்தவை பிரதியின் பிரதியின் பிரதிகள். பஞ்சத்தையும் கோஷ்டியையும் கட்டிலடியையும் தாண்டிவந்த சரக்கு நாய் வரியிடம் தோற்றது.

இதே மாவட்டத்தின் வடக்கே சீகிரியா. அங்கே கண்ணாடிச் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முன் வந்துபோன சுற்றுலாப் பயணிகள், ஓவியப் பெண்களைப் பார்த்து ஜொள்ளு விட்டுக் கவிதை கிறுக்கியிருக்கிறார்கள். அவற்றில் 685 கிறுக்கல்களை வருஷக்கணக்காக உட்கார்ந்து வாசித்து, 1956இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார் சேனரத் பரணவிதான. கல்வெட்டுப் படிப்பில் அவர் ஒரு பூதம். இதே சுவரில் 2015இல் ஓர் இளம்பெண் எதையோ கீறப்போய் இரண்டு வருஷச் சிறைத் தண்டனை பெற்று, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். பழைய 685 பேரில் ஒருவரும் தொல்பொருள் திணைக்களத்திடம் முன் அனுமதி வாங்கியிருக்கவில்லை என்பதை அவருடைய வக்கீல் சொல்லியிருக்கலாம்.

பரணவிதான 1940 முதல் 1956 வரை தொல்பொருள் ஆணையாளர். பதவிக்கு வந்த அதே 1940இல்தான் தொல்பொருட் சட்டம் வந்தது. இனி லைசன்ஸ் இல்லாமல் யாரும் எங்கும் தோண்ட முடியாது. பிறகு பேராதனைக்குப் பேராசிரியராகப் போனார். அங்கேதான் வினோதம் ஆரம்பித்தது. பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கு நடுவில், பொடி எழுத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் யாரோ சம்ஸ்கிருதத்தில் முழு நூல்களையே எழுதிவைத்திருப்பதாக அவர் கண்டார். கல்லைப் போய்ப் பார்த்த மற்றவர்களுக்குக் கல்தான் தெரிந்தது.

பெரியவர் விடவில்லை. அந்த எழுத்துகளை வைத்து 1966இல் இலங்கையையும் மலேசியாவையும் இணைத்து ஒரு புத்தகம் போட்டார். கலிங்கம் என்பதே மலேசியாதான் என்றார். அடுத்த வருஷமே பேராதனையின் இளம் வரலாற்றாளர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு மறுத்தார். நம் கா. இந்திரபாலாவும் விமர்சித்து எழுதினார். பரணவிதானவின் பதில் 1971இல் கிரேக்கர்கள், மௌரியர்கள் பற்றி இன்னொரு புத்தகம். 1972இல், அவர் காலமான அதே வருஷம், சீகிரியாவின் கதை. எல்லாவற்றுக்கும் ஆதாரம் அதே வரியிடை எழுத்துகள். சட்டப்படியும் அவரை யாரும் பிடிக்க முடியாது. மற்றவர் கண்ணில் படாத கல்வெட்டை வாசிக்க எந்தத் திணைக்களம் லைசன்ஸ் கொடுக்கும்?

அவரை நான் குறைசொல்ல மாட்டேன். நாற்பது வருஷம் தேய்ந்த எழுத்துகளையே உற்றுப் பார்த்த கண். தேயாத பாறையிலும் எழுத்து தெரிய ஆரம்பித்ததில் ஆச்சரியமில்லை. நீங்களும் மாத்தளைப் பக்கம் போனால் ஏதாவது ஒரு பாறையில் மூக்கை வைத்துப் பாருங்கள். வரிகளுக்கு நடுவில் ஏதாவது தெரிந்தால் உடனே புரொபோசல் எழுதாமல், கூட வந்தவரையும் ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, அவர் உங்களிடம் பிஎச்டி செய்கிறவராக இருக்கக் கூடாது.